தப்புச் சத்தம் கேட்டும் வராத கருவிகள்

நேற்று மாலை வரை ஒழுங்காக இருந்த கருவி. யாரும் கீழே போடவில்லை, மழையில் நனைக்கவில்லை, எதையும் மாற்றி அமுக்கவில்லை. இன்று காலை எடுத்துப் பார்த்தால் ஆபீஸ் கணினியோடு பேச மறுக்கிறது. ஒரு கருவி என்றால் வயதாகிவிட்டது என்று ஒதுக்கி வைக்கலாம். தோட்டத்துக் கருவிகள் அத்தனையும் ஒரே இரவில் வாயை மூடிக்கொண்டால் என்ன சொல்வது?

இலங்கை மலையகத்தில் இதற்குக் கைவசம் எப்போதும் ஒரு பதில் உண்டு: "சிக்னல் இல்ல." அதைக் குறை சொல்லவும் முடியாது. நானுஓயாவிலிருந்து ஹட்டன் வரை ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் கைத்தொலைபேசியில் நான்கு கோடு நிற்கும், அடுத்த வளைவில் ஒன்றும் இராது. ஆனால் சிக்னல் குறைபாடு இடம் பார்த்துத்தான் வரும். மேட்டில் இருக்கும் கருவிக்குக் கிடைக்கும், ஆற்றோரத்தில் இருப்பதற்குக் கிடைக்காது. ஆபீஸ் வைஃபைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் கருவியும் சேர்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனால் காரணம் மலையில் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது, அங்கே கோளாறை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

ஒரு தேயிலைத் தோட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். டிக்கோயாவில் இருக்கலாம், பொகவந்தலாவையிலும் இருக்கலாம். கொழுந்து மடுவத்தில் மின்தராசு தொங்குகிறது. பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் தராசில் விழும் கிலோ, நிறுப்பவரின் கையிலுள்ள கருவிக்குப் போய், அந்தப் பெண்ணின் பேர் இலக்கத்தோடு பதிந்துகொள்கிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோவைப் பற்றிய மனத்தாங்கல் பழைய தராசுக் காலத்திலிருந்தே உண்டு. கருவி வந்ததால் அது தீர்ந்துவிடவில்லை. ஆனால் கணக்கு எழுதும் விதம் மாறிவிட்டது. மலையில் இணைப்பு இல்லாவிட்டாலும் கருவி தன் வயிற்றுக்குள் பதிவை வைத்துக்கொள்ளும். ஆபீசுக்கு வந்து சேர்ந்ததும் மொத்தமாக அனுப்பும். அங்கிருந்து செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்குப் போகும். அன்றைய கிலோ நிறைந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி; குறைந்தால் அரைப்பேர்; மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு.

ஆக, கருவி வாயை மூடினால் அது கணினிக்காரரின் தலைவலி மட்டும் அல்ல. "ஐயா, நேத்து எடுத்த கொழுந்து பேருல ஏறலையே" என்று ஒருவர் வந்து நிற்கும் விஷயம்.

இப்படி நாற்பது ஐம்பது கருவிகள் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் செயலியை மாற்றுவதும் பூட்டுப் போடுவதும் ஆகாத காரியம். அதனால் எங்கோ ஒரு வழங்கியில், எல்லோரும் சேர்வர் என்று சொல்லும் கணினியில், ஒரு சேவை ஓடுகிறது. கருவி முகாமைத்துவச் சேவை என்று அதைச் சொல்லலாம். எந்தக் கருவியில் எந்தச் செயலி இருக்க வேண்டும், எந்த வைஃபையோடு சேர வேண்டும் என்று அது உத்தரவு போடும். தொலைந்துபோன கருவியை எட்ட இருந்தே பூட்டும். வேண்டுமானால் உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிடும். கடைசியாகச் சொன்ன அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதை 2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் பார்த்தது. பள்ளி மாணவர்களின் கருவிகளை முகாமை செய்த மொபைல் கார்டியன் என்ற சேவைக்குள் யாரோ அத்துமீறி நுழைந்ததில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் எட்ட இருந்தே துடைக்கப்பட்டன. எழுதி வைத்த பாடக் குறிப்புகளை இழந்தவர்கள் பலர்.

வழங்கி உத்தரவு போடும் என்றேன். அந்த உத்தரவு கருவிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. வழங்கி கருவியைத் தேடிப் போவதில்லை. கருவிதான் வழங்கியிடம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள மலையகத்துக்காரர்களுக்குப் பெரட்டு என்ற காலை ஆள்கூட்டலைவிட நல்ல உதாரணம் வேண்டாம். விடியுமுன் லயத்துப் பக்கம் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தம் யார் எந்த மலைக்குக் கொழுந்துக்குப் போக வேண்டும், யார் கவ்வாத்துக்குப் போக வேண்டும் என்று எதையும் சொல்லாது. "வா" என்று மட்டும் சொல்லும். பெரட்டுக்களத்துக்கு வந்து நின்று, பேர் சொல்லி, அங்கேதான் வேலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கருவி முகாமைத்துவமும் அப்படியே. தப்பு அடிக்கும் வேலையை ஆப்பிள் கருவிகளுக்கு ஆப்பிளும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளுக்குக் கூகுளும் பார்த்துக்கொள்கின்றன. தோட்டத்து வழங்கி அவர்களிடம் "இந்தக் கருவிக்கு ஒரு தட்டுத் தட்டுங்கள்" என்று கேட்கும். ஆப்பிளின் முறையில் போகிற அந்தச் செய்திக்குள் உத்தரவு எதுவும் இருக்காது. இது உன் வழங்கிதான் கூப்பிடுகிறது என்று கருவி தெரிந்துகொள்ள ஓர் இரகசியச் சொல் மட்டும் இருக்கும். சத்தம் கேட்ட கருவி வழங்கியிடம் வருகிறது. அங்கே இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் வழங்கி தன் தரவுத்தளத்தைப் புரட்டி, அந்தக் கருவிக்கென்று எழுதி வைத்த வேலையைக் கொடுக்கிறது.

சத்தம், அடையாளம், ஏடு. மூன்று இடங்கள். வழங்கியின் மென்பொருளை இற்றைப்படுத்தும்போது இந்த மூன்றில் எதுவும் உடையலாம். எது உடைந்தாலும் மடுவத்தில் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கருவி பேசவில்லை.

முதல் இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தப்பு அடிக்கும் உரிமைக்கு ஒரு சான்றிதழ் உண்டு. ஆப்பிளின் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். அதைப் புதுப்பிக்காமல் மறதியாகப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டால், பழைய கருவிகளுக்கு அந்தச் சத்தம் அந்நியமாகிவிடும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மறுபடி சேர்க்க வேண்டியதுதான். சத்தம் அடிக்கும் முறையும் மாறுவதுண்டு. 2021 மார்ச் 31ஆம் தேதியோடு ஆப்பிள் தன் பழைய இரும நெறிமுறையை மூடியது. அதுவரை பழைய முறையில் கூப்பிட்ட வழங்கிகளின் குரல் அன்றோடு நின்றது. இந்த வகைக் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. கருவியில் கையால் செயலியைத் திறந்து "இப்போது இணை" என்று அமுக்கினால், சத்தம் இல்லாமலே அது பெரட்டுக்களத்துக்கு வந்துவிடும். வந்து வேலையும் வாங்கிக்கொண்டால் கோளாறு தப்பில்தான்; மற்ற இரண்டிலும் இல்லை.

கையால் அமுக்கியும் வரவில்லை என்றால் இரண்டாவது இடத்தைப் பார்க்க வேண்டும். கோளாறு அதிகம் ஒளிந்திருப்பதும், தேடுபவரை அதிகம் அலைய வைப்பதும் இந்த இடம்தான்.

அடையாளம் பார்ப்பது இரு பக்கமும் நடக்கிறது. வந்திருப்பது நம் தோட்டத்துக் கருவிதானா என்று வழங்கி பார்க்கும். எதிரே நிற்பது உண்மையான வழங்கிதானா என்று கருவியும் பார்க்கும். இரண்டாவதுதான் பலருக்குத் தோன்றாதது. பெரட்டுக்களத்தில் புதிதாக ஒருவர் வந்து நின்று "இன்று முதல் நான்தான் கணக்கப்பிள்ளை" என்றால், சனங்கள் பழகிய பெரியகங்காணியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால் நம்புவார்கள். கருவியும் இப்படித்தான் நம்புகிறது. வழங்கி தன் சான்றிதழைக் காட்டும். அதில் அதற்கு மேலே உள்ள ஒருவரின் கையொப்பம் இருக்கும். அவருக்கும் மேலே ஒருவர். இந்தச் சங்கிலி கடைசியில் கருவி ஏற்கெனவே அறிந்த ஒரு மூலச் சான்றிதழில் போய் முடிய வேண்டும். எந்தெந்த மூலங்களை நம்பலாம் என்ற பட்டியல், கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே பதிந்திருக்கும். பழைய ஆண்ட்ராய்டுகளில் அந்தப் பட்டியல் இயங்குதளத்தோடு ஒட்டியது. இயங்குதளத்தை உற்பத்தியாளர் புதுப்பிக்கவில்லை என்றால் பட்டியலும் புதுப்பிக்கப்படாது.

அடையாளம் பார்ப்பதற்கும் முன்னால் எந்த மொழியில் இரகசியம் பேசுவது என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் இரகசியம் பேசும் மொழிக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் 1.0 பதிப்பு 1999இலும், 1.1 பதிப்பு 2006இலும், 1.2 பதிப்பு 2008இலும், 1.3 பதிப்பு 2018இலும் வந்தன. முதல் இரண்டிலும் ஓட்டைகள் இருப்பது தெரிந்து, இனி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2021 மார்ச்சில் அறிவித்தது. வழங்கிகளை நடத்தும் மென்பொருள்கள் அந்த வழியே போயின. பல வழங்கிகளில் ஓடும் உபுண்டு என்ற இயங்குதளத்தின் 18.04 பதிப்பு பழைய மொழிகளில் வருபவர்களையும் உள்ளே விட்டது. 20.04 பதிப்பிலிருந்து அவர்களுக்கு இயல்பாகவே கதவு சாத்தப்பட்டது. 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்ததால், உலகெங்கும் ஏராளமான நிர்வாகிகள் அந்தக் காலத்தில் புதிய பதிப்புக்கு மாறினார்கள். மாறியே ஆக வேண்டும், அதில் தவறில்லை.

இந்தப் பக்கம் கருவியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.4க்கு டி.எல்.எஸ். 1.2 பேசத் தெரியும். ஆனால் அது இயல்பாக முடக்கி வைக்கப்பட்டிருந்தது, 5.0 வந்தபோதுதான் இயல்பான பேச்சாயிற்று. ஆகவே 4.4 கருவி வழங்கியிடம் வந்து 1.0இல் பேசத் தொடங்கும். புதுப்பிக்கப்பட்ட வழங்கி அந்த மொழியில் பதில் சொல்லாது. கருவியில் ஒரு துரும்பும் அசையவில்லை. வழங்கியும் சரியானதையே செய்தது. பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

மொழி ஒத்துப்போன பிறகும் அடையாளத்தில் முறியலாம். அதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவை வழங்கிகளுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. காசு குறைந்த நிறுவனங்களுக்கு அது பெரிய வரம். அதன் சொந்த மூலச் சான்றிதழின் பெயர் ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1. புதியது என்பதால் பழைய கருவிகளுக்கு அதைத் தெரியாது. அதனால் ஐடென்ட்ரஸ்ட் நிறுவனத்தின் டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்ற பழைய மூலம் அதற்கும் கையொப்பம் போட்டுக் கொடுத்தது. பழகிய பெரியகங்காணி "இவரை நம்பலாம்" என்று சொன்ன மாதிரி. ஆனால் அந்தப் பழைய மூலத்தின் காலம் 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, இலங்கை நேரம் இரவு 7.31 மணிக்கு முடிவதாக இருந்தது. 2020 நவம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 சதவீதம் 7.1க்கு முந்தியவை. அவற்றுக்குப் புதிய மூலம் தெரியாது. அதாவது மூன்றில் ஒரு பங்கு கருவிகள் ஒரே இரவில் ஊமையாகும் நிலை.

அதைத் தவிர்க்க அவர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. ஆண்ட்ராய்டு தன் பட்டியலில் உள்ள மூலத்தை நம்பும்போது, அந்த மூலத்தின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. அதைப் பயன்படுத்தி, பழைய மூலம் தன் ஆயுளுக்குப் பிறகும் செல்லும்படியாக, 2024 செப்டம்பர் 30 வரைக்கும் இன்னொரு குறுக்குக் கையொப்பம் போட்டுக் கொடுத்தது. பழைய ஆண்ட்ராய்டுகள் பிழைத்தன. ஆனால் அதே சங்கிலியைப் பார்த்த வேறு சில பழைய மென்பொருள்கள், குறிப்பாக ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1.0.2ஐக் கொண்டவை, சங்கிலியின் நுனியில் காலாவதியான மூலத்தைக் கண்டதும் "இது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டன. புதிய மூலம் அவற்றின் பட்டியலிலேயே இருந்தும் அந்தக் குறுக்கு வழியைத் தேடவில்லை. ஒரே சங்கிலி ஒரு வகைக் கருவியைக் காப்பாற்றி, இன்னொரு வகையை முடக்கியது.

கதை அத்தோடு முடியவில்லை. 2024 பிப்ரவரி 8 முதல் அந்த நீண்ட சங்கிலியை இயல்பாகக் கொடுப்பதை லெட்ஸ் என்கிரிப்ட் நிறுத்தியது. ஜூன் 6 முதல் கேட்டாலும் இல்லை. அந்தச் சான்றிதழ்கள் 90 நாள் செல்லும். பெரும்பாலான வழங்கிகள் 60 நாளுக்கு ஒரு முறை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். மனிதக் கை படாமல் ஓர் இரவில் புதுப்பித்தல் நடக்கிறது. புதிய சான்றிதழ் குறுகிய சங்கிலியோடு வருகிறது. மறுநாள் காலை 7.1.1க்கு முந்திய கருவி எதற்கும் அந்த வழங்கியை அடையாளம் தெரியாது. "யாருமே கை வைக்கவில்லையே" என்று நிர்வாகி சொன்னால் அது முழு உண்மை.

இப்போது தேடலுக்கு வரலாம். மூன்று காரணங்களும் வெளியே ஒரே மாதிரி தெரிகின்றன என்றேன். பிரித்துப் பார்ப்பது எப்படி?

கருவிகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, எவை பேசுகின்றன, எவை பேசவில்லை என்று எழுதுவது முதல் வேலை. பக்கத்திலேயே ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்த ஆண்டு சேர்க்கப்பட்டது, எந்த வலையமைப்பு என்பதையும் எழுத வேண்டும். பொறுமையாக எழுதினால் அந்தத் தாளே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். 4.4 மட்டும் நின்று 6.0 பேசிக்கொண்டிருந்தால் மொழிக் கோளாறு. 4.4, 5.1, 6.0 எல்லாம் நின்று 8.0 மட்டும் பேசினால் மூலச் சான்றிதழ். பதிப்பு வேறுபாடே இல்லாமல் எல்லாம் நின்றால் வழங்கியின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், அல்லது தப்பும் ஏடும்தான் மிச்சம். குறிப்பிட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு சேர்த்த கருவிகள் மட்டும் நின்றால், கோளாறு மூன்றாவது இடமான ஏட்டில்: தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது சில வரிகள் விடுபட்டிருக்கலாம். சிறிய தோட்டத்து ஆபீசிலும் கணினிப் பொறியாளர் இல்லாமலே இந்தத் தாளைத் தயாரிக்கலாம். கொழும்பிலிருந்து தொலைபேசியில் வழி சொல்பவருக்கு அதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை.

இதில் குழப்பும் காரணம் ஒன்றும் உண்டு. வேலை நடக்காத நாள் பார்த்துத்தான் வழங்கியை இற்றைப்படுத்துவார்கள். மலையகத்தில் அப்படிக் கிடைக்கும் நாட்கள் தீபாவளி, பொங்கல். அதே விடுமுறையில் கருவிகள் அலுமாரியில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். சிம் இல்லாமல் வைஃபையை மட்டும் நம்பிய கருவி உயிர் பெறும்போது அதன் கடிகாரம் 1970க்கோ தொழிற்சாலைத் தேதிக்கோ போயிருக்கலாம். அந்தத் தேதியில் பார்த்தால் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. கருவி அதை நம்பாது. ஆகவே தாளில் தேதிக்கும் ஒரு நிரல் வேண்டும். தேதியைத் திருத்தியதும் பேசிவிட்ட கருவியை வழங்கியின் கணக்கில் எழுதக் கூடாது.

தாள் ஊகத்தைத் தரும். உறுதி வேண்டுமானால் வழங்கியின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். இரகசியப் பேச்சுத் தொடங்குமுன் முறிந்தால், முறித்தவர் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவார். உலகம் முழுக்க ஒரே இலக்கங்கள். 70 என்றால் மொழிப் பதிப்பு ஒத்துவரவில்லை. 48 என்றால் சங்கிலியின் நுனியில் இருப்பவரைத் தெரியவில்லை. 45 என்றால் சான்றிதழ் காலாவதி. பழைய ஆண்ட்ராய்டுகள் நம்பாதபோது பல நேரம் 46 என்று பொதுவாகச் சொல்லிவிடும். இலக்கத்தைவிட முக்கியம் அதைச் சொன்னது யார் என்பது. 70ஐ வழங்கி அனுப்பியிருந்தால் வழங்கி கருவியை நிராகரித்திருக்கிறது. 48ஐ வழங்கி பெற்றிருந்தால் கருவி வழங்கியை நிராகரித்திருக்கிறது. இந்தத் திசையைப் பார்க்காமல் "இணைப்புத் தோல்வி" என்ற ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டு நாள் கணக்கில் தவறான பக்கத்தைத் தோண்டுகிறவர்கள் உண்டு.

பதிவேட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. வலையமைப்பில் போகும் பொட்டலங்களைப் பிடித்து வைக்கும் வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பேச்சு இரகசியமாகும் முன் கருவி அனுப்பும் முதல் வணக்கம் திறந்த எழுத்தில் போகிறது. "எனக்கு இந்த மொழிகள் தெரியும்" என்று அது சொல்வதை யாரும் படிக்கலாம். அந்த ஒரே பொட்டலத்தில் 1.0 என்று இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கு மேல் ஊகத்துக்கு இடமில்லை. அப்படியும் ஒன்றும் வராவிட்டால், வணக்கமே வந்து சேரவில்லை என்றால், அப்போது சொல்லலாம், "சிக்னல் இல்ல" என்று.

இத்தனையையும் விட்டுவிட்டு முதலிலேயே செய்யத் தோன்றும் காரியம் ஒன்று இருக்கிறது: கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவது. கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். கோளாறு வழங்கியிலோ இருவருக்கும் இடையிலோ இருக்கும்போது அது பயன் தராது என்பது ஒரு பக்கம். திருப்பிய கருவி அதே மூலப் பட்டியலோடுதான் எழுந்திருக்கும், முன்போலவே நிராகரிக்கும். மறு பக்கம் அதைவிடக் கொடியது. இன்னும் ஆபீசுக்கு அனுப்பாத பதிவுகள் கருவிக்குள் இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்திருந்தால் அத்தனை நாள் நிறுவையும் உள்ளேதான். துடைத்தால் போனது போனதுதான். யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பதற்குச் சாட்சி நிறுத்த வேண்டியவர் மலையில் நின்று பறித்தவராகிவிடுவார். என் உறுதியான கருத்து இது: பதிவுகளை வெளியே எடுக்கும் வரை, கேபிளில் ஆகட்டும், திரையைப் பார்த்துத் தாளில் எழுதியாகட்டும், ஒரு கருவியையும் துடைக்க யாருக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.

அப்படியானால் இற்றைப்படுத்தாமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதற்கான பதிலும் இலங்கையிலேயே இருக்கிறது. 2023இல் இலங்கை அரசின் மேகக் கணினியில் மின்னஞ்சல் சேவை, மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. பிணைப்பணம் கேட்கும் தீம்பொருள் உள்ளே நுழைந்து, கைக்கெட்டிய காப்புப் பிரதிகளையும் சேர்த்துப் பூட்டியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீளவில்லை. gov.lk முகவரி வைத்திருந்த சுமார் 5,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். கதவைப் பழையபடியே விட்டுவைப்பதன் விலை அது.

எனவே வழங்கியைப் பின்னோக்கித் திருப்புவது சில மணி நேரத்துக்கு மட்டுமான மருந்து. அதிலும் ஏடு மாறியிருந்தால் கவனம் வேண்டும். இற்றைப்படுத்தலுக்குப் பிறகு பதிந்தவை பழைய பிரதியில் இருக்காது. பொதுவாகக் கைகொடுப்பது வேறு ஏற்பாடு. புதிய வழங்கி பெரிய கதவைப் பழைய மொழிக்கு மூடியே வைத்திருக்கட்டும். பக்கத்தில் வேறு முகவரியில் சின்னக் கதவு ஒன்று. தோட்டத்து வலையமைப்பிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் திறப்பது, 1.0 பேசுவது, பதிவுகளை வாங்கி உள்ளே கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதது. மூலச் சான்றிதழ்தான் கோளாறு என்றால் அந்தக் கதவுக்குப் பழைய கருவிகள் அறிந்த வேறொரு மூலத்திடம் சான்றிதழ் வாங்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், ஆனால் கருவிகள் பேசும். கருவிகளில் முகவரி மாற்ற முடியாத நிலை என்றால், ஆபீஸ் வைஃபைக்குள் அந்தப் பெயரைச் சின்னக் கதவுக்குத் திருப்பிவிடலாம். வயிற்றில் இருப்பதையெல்லாம் கருவிகள் இறக்கி வைத்ததும், பழையவற்றை மாற்றும் தேதியைக் குறித்துவிட்டு அந்தக் கதவை மூடிவிட வேண்டும்.

கருவிக்குப் புதிய மூலச் சான்றிதழை அனுப்பி வைத்தால் போதாதா? போதும், முன்கூட்டியே அனுப்பியிருந்தால். பேச்சு முறிந்த பிறகு அனுப்ப வழி இல்லை, ஏனென்றால் அனுப்பும் வழியே அறுந்துவிட்டது. இதன் பெரிய வடிவத்தை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பில் 21 புலங்கள் எதிர்பார்க்கப்பட்டன. கருவியில் இருந்த நிரல் 20ஐத்தான் கொடுத்தது. இலங்கை நேரம் காலை 9.39க்குப் போன அந்தக் கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். திருத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தயாராக இருந்தும் மீட்க நாட்கள் ஆயின. விழுந்த கணினியால் எழுந்து வந்து திருத்தத்தை வாங்க முடியவில்லை. ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

தோட்டங்களுக்கு இந்த வேலை இனிக் கூடத்தான் போகிறது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளைக் குறைத்துக்கொண்டே போக, உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வழங்கி தன் முகத்தைப் புதுப்பிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு எட்டுத் தடவையாவது இந்தச் சோதனை வரும். தோட்டத்தில் இருப்பதிலேயே பழைய கருவியைத் தூக்கிப் போடாமல் ஆபீசில் வைத்திருந்து, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் இற்றைப்படுத்தலுக்கும் முன்னால் ஒத்திகை வழங்கியில் அதை இணைத்து, ஒரு பொய்ப் பேரில் ஒரு கிலோவைப் பதிந்து, செக்ரோல் வரைக்கும் அது போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டால், எந்த இலக்கத்தில் எந்தப் பக்கம் முறிகிறது என்பது மடுவத்தில் தராசு தொங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.